சாலைக் கம்போளத்தின் எண்ணெய்: அன்றும் இன்றும்

திருவனந்தபுரத்துச் சமையலில் அவியலை இறக்கிய பிறகுதான் எண்ணெய் சேர்ப்பார்கள். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயைப் பச்சையாக மேலே ஊற்றி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு மூடி வைப்பது வழக்கம். அந்த எண்ணெய் அடுப்பின் சூட்டைக் காணாமல் நேரே இலைக்கு வருகிறது. கடுகும் மிளகாயும் பொரிந்து அதன் குறையை மறைப்பதற்கு வழி இல்லை. எண்ணெயில் சற்றே சிக்கு வாடை இருந்தாலும் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். இதனாலேயே இந்த ஊரில் எண்ணெய் கெடுவது சமையலறையின் முதல் கவலையாக இருந்தது. இன்று அந்தக் கவலை குறைந்திருக்கிறது. எண்ணெய் கெடுவது குறைந்ததா என்பது வேறு கேள்வி.

எழுபதுகளில் எண்ணெய் என்றால் சாலைக் கம்போளத்துக்குப் போவதுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சந்தை அது. கிழக்கே கோட்டைக்கு அருகில் தொடங்கும் அந்தத் தெருவில் தமிழ் பேசும் வணிகர்கள் தலைமுறைகளாக இருந்தார்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் மலையாளம் கலந்த தமிழில் அங்கே விலை பேசியது உண்டு. எண்ணெய்க் கடையில் தகர டின்கள் வரிசையாக இருக்கும். வாங்குகிறவர் தம் பாட்டிலையோ தூக்கையோ கொண்டு போக வேண்டும். கடைக்காரர் ஒரு சொட்டைப் புறங்கையில் விடுவார். அதைத் தேய்த்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அளக்கச் சொல்வது. பாட்டி முகர்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுத்த கடைக்கு நடந்ததும் உண்டு. கடைக்காரர் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. வாங்கியதும் கொஞ்சம்தான், ஒரு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ போதுமான அளவு. கையில் பணம் அவ்வளவுதான் இருந்தது என்பது ஒரு காரணம். அதற்கு மேல் வைத்தால் மழைக்காலத்தில் நிற்காது என்று தெரிந்திருந்தது இன்னொரு காரணம்.

இன்று அதே தெருவிலும் நகரத்தின் பெரிய கடைகளிலும் அரை லிட்டர் உறை, ஒரு லிட்டர் பாட்டில், ஐந்து லிட்டர் கேன் என்று எண்ணெய் அடுக்கப்பட்டிருக்கிறது. தேங்காய் எண்ணெயோடு சூரியகாந்தி, தவிடு, பாமோலின், கடலை, நல்லெண்ணெய் எல்லாம் ஒரே தட்டில் நிற்கின்றன. முகர்ந்து பார்க்க முடியாது, தேதி பார்க்கலாம். மாதச் சாமானோடு மொத்தமாக வருவதால் ஐந்து லிட்டர் கேன் இரண்டு மாதமும் மூன்று மாதமும் திறந்தபடி இருக்கிறது. இந்தியாவில் ஓர் ஆள் ஓர் ஆண்டில் பயன்படுத்தும் சமையல் எண்ணெய் 2020-21இல் 19.7 கிலோ என்று நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை 12 கிலோதான். பாட்டி காலத்தில் ஆழாக்கிலும் உழக்கிலும் அளந்து ஊற்றிய பொருளை இன்று கேனைச் சாய்த்து ஊற்றுகிறோம்.

எண்ணெய் கெடுவதன் கதை புட்டியில் தொடங்குவதில்லை. தேங்காயில், அதிலும் கொப்பரையில் தொடங்குகிறது. பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். அதை 6 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால்தான் கொப்பரை நிற்கும். நல்ல எண்ணெயும் கொடுக்கும். அதற்கு மேல் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சையும், பருப்பிலேயே உள்ள நொதிகளும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்துவிடும். தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அது எண்ணெய்க்குள் கட்டுண்டு இருக்கும்வரை குற்றம் இல்லை. ஈரத்தால் பிரிந்து தனியே நின்றால் நாக்கில் சோப்புச் சுவை தட்டும். மற்ற எண்ணெய்களில் பிரிகிற அமிலங்கள் நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. தேங்காய் எண்ணெயில் உடனே தெரிகிறது.

திருவனந்தபுரத்தில் ஜூனில் தொடங்கும் மழை செப்டம்பர் வரை நீடிக்கும். கொஞ்சம் வெயில் காட்டிவிட்டு அக்டோபரில் துலா மழை வந்துவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர். மழை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். இந்தக் காற்றில் கொப்பரை காய வைப்பது எளிய வேலையா? முற்றத்தில் பாய் விரித்து வைத்த தேங்காய் முறிகளை மழை வரும்போதெல்லாம் ஓடி எடுப்பார்கள். பிறகு அடுப்புக்கு மேல் பரணில் வைத்துப் புகையில் உலர்த்துவார்கள். அந்தக் கொப்பரையில் புகை வாடை ஏறும். சில முறிகளின் உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை இருக்கும். பூஞ்சை பிடித்ததைத் தனியே பொறுக்குகிறவர்கள் இருந்தார்கள், பொறுக்காமல் ஆட்டியவர்களும் இருந்தார்கள். கெட்ட கொப்பரையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு சேரக்கூடும் என்பதும், அது கல்லீரலைத் தாக்கும் என்பதும் அன்றைய செக்குக்காரருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அந்த எண்ணெய் எல்லாமே அமுதம் என்று நினைவு சொல்லும், அப்படி இல்லை. மழைக்காலத்து எண்ணெய் நிறம் கருத்து, காறலோடு வந்த ஆண்டுகள் பல.

இன்று கேரளத்தின் எண்ணெய் ஆலைகளுக்கு வரும் கொப்பரையில் பெரும் பகுதி மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது. காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்துக் களங்களில் கொப்பரை வெள்ளையாகக் காய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் நிலம் அது. திருவனந்தபுரத்து மழையில் பாதிக்கும் குறைவாகவே அங்கே பெய்கிறது. தென்னைக்குப் பேர்போன நாடு, எண்ணெய்க்காகக் கொங்கு நாட்டு வெயிலை நம்பியிருப்பதை மேலோட்டமாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆனால் 6 விழுக்காடு என்ற அந்த ஒரு கணக்கை வைத்துப் பார்த்தால் இது இயல்பான முடிவு. தென்னை வளர ஈரம் வேண்டும்; கொப்பரை நிற்க வறட்சி வேண்டும். இரண்டும் ஒரே மண்ணில் கிடைப்பது அரிது. களத்திலும் குறை இல்லாமல் இல்லை. பூஞ்சை வராமலிருக்கக் கந்தகப் புகை போடும் வழக்கம் கொப்பரை வணிகத்தில் உண்டு. இருந்தாலும், பொதுவாக இன்று புட்டிக்குள் வரும் எண்ணெய் அன்றைய மழைக்காலத்து எண்ணெயைவிட உலர்ந்தது, தெளிந்தது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆட்டி வந்த எண்ணெயை அன்று அப்படியே பயன்படுத்த மாட்டார்கள். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டி, இரண்டு நாள் வெயிலில் வைப்பார்கள். கசண்டு அடியில் தங்கும்; மேலே தெளிந்ததை இறுத்துப் பரணி என்ற ஜாடியில் நிரப்புவார்கள். வெயில் இல்லாத நாளில் மெல்லிய சூட்டில் காய்ச்சி, சடசடப்பு அடங்கியதும் இறக்குவார்கள். சடசடப்பு அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். சில வீடுகளில் பரணிக்குள் நாலு மிளகு, சில வீடுகளில் ஒரு கல்லுப்பு. உப்பு, மிச்சமிருந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இவற்றுள் வெயிலில் வைக்கும் பழக்கத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது பொருந்தும். சூரியகாந்தி எண்ணெய்க்கு அதே வெயில் பகை.

காரணம், எண்ணெய் கெடும் வழி ஒன்றல்ல, இரண்டு. ஈரம் உடைப்பது ஒரு வழி. காற்றிலுள்ள ஆக்சிஜன் தாக்குவது மற்றொன்று. இரண்டாவது வழி எந்த எண்ணெய்க்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அயோடின் எண் என்ற அளவு காட்டும். உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் கணக்கில் தேங்காய் எண்ணெய்க்கு அது 6.3 முதல் 10.6 வரை, சூரியகாந்தி எண்ணெய்க்கு 118 முதல் 141 வரை. எண் கூடக் கூட ஆக்சிஜன் நுழையும் இடமும் கூடும். வெளிச்சமும் சூடும் அந்த வேலையை விரைவுபடுத்தும். நல்லெண்ணெயின் எண்ணும் 104க்கு மேல்தான். என்றாலும் அதற்குள்ளேயே செசமோல் போன்ற காப்புப் பொருட்கள் இருப்பதால், மாங்காய் ஊறுகாயின் மேல் ஒரு விரற்கடை நின்று ஆண்டு முழுதும் கெடாமல் காக்கிறது. அன்றைய வீட்டில் இருந்தவை இந்த இரண்டு எண்ணெய்கள்தாம்: ஆக்சிஜனுக்கு அதிகம் இடம் கொடுக்காத தேங்காய் எண்ணெய், தன்னைத் தானே காத்துக்கொள்ளும் நல்லெண்ணெய். அந்தப் பழக்கங்கள் இவ்விரண்டுக்காக வளர்ந்தவை. எண்ணெய் மாறியது, பழக்கம் அதற்கேற்ப மாறவில்லை.

பாத்திரத்தில் இது நன்றாகத் தெரியும். எண்ணெய் இருந்தது சீனப் பரணியில், அல்லது உட்புறம் ஈயம் பூசிய பித்தளைத் தூக்கில். பரணிக்குள் வெளிச்சம் போகாது. ஈயப்பூச்சு உதிர்ந்தால் பாத்திரக்காரர் தெருவில் வரும்வரை அந்தத் தூக்கில் எண்ணெய் விட மாட்டார்கள். செம்பும் பித்தளையும் எண்ணெயை விரைவாகக் கெடுக்கும் என்பதை வேதியியல் படிக்காமல் அறிந்திருந்தார்கள். சுத்திகரித்த எண்ணெயில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்று கோடெக்ஸ் இன்று வரம்பு வைத்திருக்கிறது. அவ்வளவு சிறிய அளவே போதும், கெடுதலைத் தொடங்கி வைக்க. இன்றைய சமையல் மேடையில் எண்ணெய் நிற்பது பளிச்சென்ற கண்ணாடிக் குடுவையில். அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், மூக்கு திறந்தபடி. பார்க்க அழகு. சூடு, வெளிச்சம், காற்று மூன்றையும் ஒரே இடத்தில் கூட்டி வைத்ததற்குச் சமம். குடுவையில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே கேனிலிருந்து மேலே ஊற்றுகிறோம். பழைய எண்ணெயில் தொடங்கிவிட்ட கெடுதல் புதியதிலும் தொற்றி வேகமாகப் பரவும். பரணியைக் கழுவிக் காயவைத்த பிறகே புது எண்ணெய் என்று பாட்டி சொன்னதில் இது அடங்கியிருந்தது.

ஆனால் மிகப் பெரிய மாற்றம் பாத்திரத்தில் இல்லை, மணத்தில்தான். செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கு வறுத்த கொப்பரையின் மணம் உண்டு. அது மங்கி, வேறு வாடை தலைகாட்டினால் எண்ணெய் திரும்பத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போதே அதை விளக்குக்கு மாற்றிவிடுவார்கள். கெட்ட எண்ணெய்க்கு வீட்டிலேயே ஓர் இடம் இருந்ததால் அதை வாணலியில் தீர்க்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. சுத்திகரிப்பு ஆலையில் காரம் சேர்த்து அமிலத்தை எடுக்கிறார்கள். மண் சேர்த்து நிறத்தை எடுக்கிறார்கள். கடைசியில் நீராவி பாய்ச்சி மணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். அஃப்ளடாக்சினும் இந்த வழியில் பெரிதும் நீங்குகிறது. அது உண்மையான ஆதாயம். சுமாரான கொப்பரையிலிருந்து வந்த எண்ணெயும் நல்ல கொப்பரையின் எண்ணெயும் இந்த ஆலையிலிருந்து ஒரே முகத்தோடு வெளிவருகின்றன என்பது அதன் மறுபக்கம். இயற்கையான காப்புப் பொருட்களில் ஒரு பகுதியும் அந்த நீராவியோடு போய்விடுவதால், டிபிஹெச்க்யூ போன்ற செயற்கைக் காப்புப் பொருளைக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. மணமே இல்லாத எண்ணெயில் மணம் மாறியதைக் கண்டுபிடிக்க நெடுநாள் ஆகும். அதற்குள் பாதிக் கேன் வயிற்றுக்குப் போயிருக்கும். உறையில் அச்சிட்ட தேதி, திறக்காத உறைக்கு உரியது. திறந்த நாளிலிருந்து கணக்கு வேறு என்பதை அந்த அச்சு உரக்கச் சொல்வதில்லை.

கலப்படத்தையும் மூக்குதான் அன்று பிடித்தது. இன்று அது ஆய்வகத்தின் வேலை. 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ஆண்டின் நடுவில் 45 தேங்காய் எண்ணெய்ப் பிராண்டுகளையும், டிசம்பரில் 74 பிராண்டுகளையும் தடை செய்தது. மலிவான பாமோலினைக் கலந்து தேங்காய் எண்ணெய் என்று விற்கும் ஆசை விலையோடு சேர்ந்து ஏறும். 2024 தொடக்கத்தில் கொச்சிச் சந்தையில் குவிண்டால் 15,000 ரூபாய்க்குக் கீழே இருந்த எண்ணெய், 2025 ஜூலையில் இருமடங்குக்கு மேல் போயிற்று. சில்லறையில் லிட்டர் 500 ரூபாயைத் தாண்டியது. 1987இல் தொடங்கிய கேராஃபெட் கூட்டுறவின் ‘கேரா’ எண்ணெயும் அந்த விலையேற்றத்துக்கு விலக்கல்ல. வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சிறிய கண்ணாடிப் புட்டியில் எண்ணெயை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் தூய தேங்காய் எண்ணெய் முழுதும் வெண்மையாக உறையும். வேறு எண்ணெய் கணிசமாகக் கலந்திருந்தால் உறையாத அடுக்கு தனியே நிற்கும். தேங்காய் எண்ணெய் உறைவது 24 டிகிரிக்குக் கீழே. இந்த ஊரின் இரவுகள் அதற்குக் கீழே நன்றாக இறங்குவது மார்கழி, தை மாத விடியலில்தான். ஆகையால் பரணியில் எண்ணெய் கலங்கினால் பாட்டிக்கு அது குளிரின் அடையாளம் மட்டும்.

பொரிப்பதைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர் எண்ணெயைப் பற்றிப் பேச முடியாது. ஓணம் நெருங்கும்போது நகரத்தின் தெருக்களில் நேந்திரங்காய் சீவல் எண்ணெயில் விழும் ஓசை கேட்கும். சீவல் வெந்து வரும்போது மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயிலேயே தெளிப்பார்கள். உப்பு சீராகப் பிடிக்க அதுவே வழி. ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணெய்க்குள் தண்ணீர் போகிறது. முன்னே சொன்ன அந்த உடைப்பு 170, 180 டிகிரி சூட்டில் விரைவாக நடக்கிறது. அன்று வீட்டில் உப்பேரி என்ற இந்த வறுவல் ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும்தான். ஒரு நாள் பொரிப்பார்கள். மிச்ச எண்ணெயைச் சூடு ஆறுமுன் துணியில் வடிகட்டி, மெழுக்குபுரட்டி என்ற காய்ப் பொரியலுக்கும் தாளிப்புக்கும் சில நாட்களில் தீர்த்துவிடுவார்கள். இன்று சிப்ஸ் எல்லா நாளும் எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது. வாணலி அணைவதே இல்லை. குறைந்த எண்ணெயின் மேல் புதியது விழுந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு இன்று ஓர் எண் உண்டு. 2018 ஜூலை 1 முதல், பொரித்த எண்ணெயில் சிதைந்து சேரும் துருவப் பொருட்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான விதி. சூடான எண்ணெயில் முக்கினால் நொடிகளில் அளவைக் காட்டும் கைக்கருவி வந்துவிட்டது. அதே ஆண்டில் தொடங்கிய ரூக்கோ திட்டம், பழைய எண்ணெயை உணவகங்களிலிருந்து வாங்கி பயோடீசலாக்க வழி செய்கிறது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் கணக்கு எழுதி வைக்க வேண்டும். பழைய எண்ணெயை அடிமாட்டு விலைக்குத் தெருக்கடைக்கு விற்ற வழியை அடைக்கும் முயற்சி இது. அன்று இப்படி ஒன்று இருந்ததில்லை. வீட்டு வாணலிக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே கண்தான் கருவி: முன்னைவிடச் சீக்கிரம் புகைகிறது, ஊற்றும்போது கனத்து விழுகிறது, நிறம் கருக்கிறது, நுரை அடங்க மறுக்கிறது என்றால் அந்த எண்ணெயின் காலம் முடிந்தது.

நுரைக்கு இன்னொரு காரணமும் இன்றைய வீடுகளில் சேர்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி அல்லது பாமோலினும் வாணலியில் கலந்தால், இரண்டும் புதியவையாக இருந்தாலும் கடுமையாக நுரைக்கும். லாரிக் எண்ணெயும் மற்ற எண்ணெயும் பொரிப்பதில் சேர்வதில்லை என்பது பொரிப்புத் தொழிலில் அறிந்த செய்தி. தேங்காய் எண்ணெய் விலை ஏறிய பிறகு, அப்பளத்துக்குப் பாமோலினும் வாசத்துக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் என்று கலக்கும் வீடுகள் கூடியிருக்கின்றன. கலக்காமல், பொரிப்பதை ஒன்றிலும் தாளிப்பதை மற்றொன்றிலும் செய்தால் செலவும் குறையும், எண்ணெயும் நிற்கும்.

கணக்குப் பார்த்தால், ஈரமற்ற கொப்பரை, நச்சு நீக்கம், மூடிய உறை, ஆய்வகம், சட்டம் எல்லாம் இன்று நமக்குக் கிடைத்தவை. ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கும் அளவு, வெளிச்சம் புகாத பரணி, முகர்ந்து ஒதுக்கும் உரிமை, கெட்டதைப் போட ஒரு விளக்கு ஆகியவை போயின. கிடைத்தவை எல்லாம் உறையைத் திறக்கும்வரை நம்மைக் காக்கின்றன. போனவை, திறந்த பிறகு காத்தவை. இவற்றில் பெரும்பாலானவற்றை மீட்கச் செக்கும் மாடும் தேவையில்லை.

கேனுக்குப் பதிலாக அரை லிட்டர், ஒரு லிட்டர் உறையாக வாங்குங்கள். திறந்த நாளை உறையின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். எவர்சில்வர் பாத்திரமோ நிறக் கண்ணாடிப் புட்டியோ போதும். இறுக மூடி, அடுப்பிலிருந்து விலகிய அலமாரிக்குள் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். பழையது தீர்ந்து, புட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகே புதியதை ஊற்றுங்கள். மழை மாதங்களில் இன்னும் குறைவாக வாங்குங்கள். அவியலின் மேல் ஊற்றுமுன் ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வாடை சரியில்லை என்றால், அன்றைக்கு அந்த எண்ணெய் விளக்குக்கு.